ஆணியை எடுத்த பிறகு

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரான அவள் எல்லோருக்கும் அக்கா. நேற்றுச் சேர்ந்த மாணவனுக்கும் அக்கா, தலை நரைத்த துறைத்தலைவருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் மட்டும் தட்டக்கா. அந்தப் பட்டப்பெயர் அவளுக்குத் தெரியாது என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பட்டப்பெயர் வந்தது ஒரு மேசையால். முட்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் இரும்பு வட்டம். விளிம்பெல்லாம் கோணக் குறிகள். நடுவில் ஓர் ஆணி, அந்த ஆணியைச் சுற்றி மோதிரத்தைவிடச் சற்றே பெரிய ஒரு வளையம். வளையத்தில் மூன்று நூல்களைக் கட்டி, மூன்று பக்கமும் இழுத்து, விளிம்பில் இருக்கும் கப்பிகளின் மேல் போட்டு, நுனிகளில் எடைக்கற்களைத் தொங்கவிட வேண்டும். மூன்று கல்லும் ஒரே எடை இல்லை. ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று சிறியது. கோணங்களைச் சரியாக வைத்துவிட்டால் மூன்று இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சமில்லாமல் போய்விடும். அப்போது ஆணியை உருவி எடுத்தாலும் வளையம் நகராது. நடுவிலேயே நிற்கும்.

ஆணி இருக்கும்வரை எவன் வைத்த கோணமும் சரிபோலத்தான் தெரியும். எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். எடுத்தும் நம்பிவிட முடியாது. அந்தக் கப்பிகள் அந்தக் காலத்தவை, துருவேறி இறுகிப்போனவை. நூலைக் கவ்விக்கொண்டு, தப்பான கோணத்திலும் வளையத்தை நிற்க வைத்துவிடும். அதனால் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும். பொய்யாக நிற்கிற வளையம் அந்தத் தட்டுக்கே சறுக்கி ஓடிவிடும்.

"ஆணிய எடுத்தாச்சா? தட்டிப் பாத்தியா? தட்டாம எழுதாத" என்று அவள் கேட்காத பிராக்டிகல் வகுப்பே கிடையாது.

தேர்வுக்கு வரும் வெளியூர்ப் பேராசிரியர்களுக்கும் இந்த மேசையின் முன்னால் வந்தால் ஒரே கேள்விதான். அளவு வேறு வேறான விசைகளைக் கூட்டினால் பூச்சியம் வருமா? ஒரு மாணவன் ஒருமுறை, "என் மார்க்கைக் கூட்டினாலே வருது சார்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். இரண்டு விசை என்றால் வராது. எதிரெதிராக வைத்தாலும் பெரியது சின்னதை இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்று என்றால் வரும், மூன்றில் பெரியது மற்ற இரண்டின் கூட்டைவிடப் பெரிதாக இல்லாத வரைக்கும். அக்கா இந்தப் பதிலைக் குடுவை கழுவிக்கொண்டே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். காதில் விழும், அவ்வளவுதான். வீட்டுக்கு எடுத்துப் போகிற சங்கதியா அது?

வீடு என்றால் அவளுக்கு இரண்டு. ஒன்று, பாலத்துக்கு அந்தப் பக்கம் நான்காவது மாடியில் அவளும் கணவரும் இருக்கும் இரண்டு அறைகள். கணவர் நூல் ஆலையில் இரவு வேலைக்காரர், பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குகிறவர். இன்னொன்று அம்மா வீடு. அங்கே அம்மாவும் தம்பியும்.

தம்பிக்கு நாற்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அவனை ஐந்தாறு வயதோடு நிறுத்திவிட்டது. உடம்பு மட்டும் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. தாடி முளைத்தது, காதோரம் நரைத்தது, சட்டைப் பொத்தானை இன்னமும் ஒருவர் போட்டுவிட வேண்டும். யாரையும் நோகடிக்கத் தெரியாது. பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. தட்டு முன்னால் இருந்தாலும் 'சாப்பிடு' என்று யாராவது சொல்ல வேண்டும்.

அதில் அக்காவின் கைங்கரியமும் உண்டு. தொழில் பழக்கம் விடுமா? அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் தட்டை வைத்துவிட்டு விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, "சாப்பிடு" என்பாள். "இது உன் காலேஜ் இல்லடி" என்று அம்மா சிரிப்பாள். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். பிறகு அம்மாவும் தட்ட வேண்டியதாயிற்று. தட்டாமல் சொன்னால் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தட்டினால் முகமெல்லாம் சிரிப்பாகி, தானும் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவான்.

அம்மா ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்த துணியின் மேலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் விழாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போனாள் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தொந்தரவு எங்கே போகும்? நடு அறையில் உட்கார்ந்து, "அம்மா எப்ப வரும்?" என்று வந்தவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த வாரமே அண்ணன், அக்கா, தங்கை மூன்று பேரும் அவனை ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள்.

அண்ணனுக்கு இரும்புக்கடை, கார், மூன்று பேரில் பெரிய கை. அவர் சொன்னது காப்பகம். "நல்ல இடம்மா. நானே போய்ப் பாத்துட்டேன். டாக்டர் இருக்காரு, தோட்டம் இருக்கு, அவன மாதிரி ஆளுங்க இருக்காங்க. நமக்கப்புறம் அவனுக்கு யாரு, அத யோசிச்சீங்களா?"

பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் தங்கைக்கு அழுகைதான் பலம். "பெத்தவ போன ஈரம் காயல, அதுக்குள்ள கொண்டுபோய்த் தள்ளணுமா? எங்கூட இருக்கட்டும். எம் புள்ளைங்களோட ஒண்ணா வளரட்டும்."

"உன் மாமியார் ஒரு வாரம் வச்சுக்குவாங்களா?" என்றாள் அக்கா. "அவன் படுக்கைய நனைச்சா முதல் நாளே மூஞ்சி சுருங்கிடும். அவன் எங்கிட்டதான் வரணும்."

"வந்து? பகல் முழுக்க நீ காலேஜுல. உன் வீட்டுக்காரர் தூக்கத்துல. நாலாவது மாடி பால்கனி. நல்லா இருக்கு உன் யோசனை" என்றார் அண்ணன்.

யார் சொன்னதிலும் தப்பில்லை. ஒருவர் சொன்னதைக் காலி செய்யும் அளவுக்கு மற்ற இருவரிடமும் நியாயம் இருந்தது. மூன்று பேருமே உண்மையாகப் பாசம் வைத்தவர்கள், அதுதான் கொடுமை. ஒருவர் கைகழுவியிருந்தாலும் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆகவே தம்பி எங்கேயும் போகவில்லை. அம்மா வீட்டிலேயே இருந்தான். முடிவாகும்வரை என்று ஓர் ஏற்பாடு. அண்ணன் இரவு வந்து அவனோடு படுத்துவிட்டு, விடிந்ததும் காலைச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கடைக்குப் போவார். அக்கா கல்லூரிக்குப் போகிற வழியில் வந்து, குளிப்பாட்டி, சாப்பிட வைத்துவிட்டு ஓடுவாள். மத்தியான இடைவேளையில் தங்கை வருவாள். இடையில் இருக்கும் பொழுதெல்லாம் வெளியே பூட்டு. மூன்று பேரிடமும் ஒவ்வொரு சாவி.

மாதங்கள் போயின. ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. "பாரு, அவன் பாட்டுக்கு அமைதியா இருக்கான். ஒரு குறையும் இல்ல" என்று மூவரும் ஆளுக்கொரு நாள் சொல்லிக்கொண்டார்கள். அக்காவும் சொன்னாள். அதைத்தான் இவளிடம் கேட்க வேண்டும். ஆணி போன பிறகு அசையாமல் நிற்கிற ஒன்றை, தட்டிப் பார்க்காமல் எழுதாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் இவள்தானே?

இதற்குள் அவள் கணவர் யாரிடமும் சொல்லாமல் பால்கனிக்குக் கம்பி போட்டுவிட்டார். ஒரு கட்டிலும் வாங்கிவந்து, தான் தூங்கும் அறையிலேயே சுவரோரம் போட்டார். "எனக்குத் தூக்கம் லேசுதான். அவன் புரண்டா எந்திரிச்சிடுவேன்" என்றார். ஆலையில் இருந்து வந்து கட்டை மாதிரி விழுகிற மனுஷன் அவர். அவர் அப்படிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்தக் கம்பியை அண்ணனைக் கூட்டிவந்து காட்டிவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பிராக்டிகல் தேர்வு வந்தது.

தேர்வன்று அக்கா விடியற்காலையிலேயே ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும். முந்தைய நாளே தங்கைக்குப் போன் செய்தாள். "காலைல நீ போயிடு, என்ன?" தங்கை சரி என்றாள். காலையில் பார்த்தால் தங்கையின் சின்னதுக்கு நெருப்பாய்ச் சுட்டது. அவள் அண்ணிக்குப் போன் செய்து, "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க அண்ணி, இன்னிக்கு என்னால ரெண்டு வேளையும் முடியாது" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அண்ணி, "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்த நேரம் பார்த்து அவள் வீட்டில் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். மறந்துபோயிற்று. அண்ணியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? மறதி யாருக்கும் வரும். ஒருவர் மறந்தால் கவிழ்ந்துவிடும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்தது மூன்று பேரும்தான்.

தேர்வு முடிந்து, கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு, காலையில் பார்க்காததால் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று அக்கா அம்மா வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூட்டைத் திறந்தாள். வாடை மூக்கில் அடித்தது.

தம்பி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். இரவு போட்ட அதே சட்டை. நாற்காலிக்கு அடியில் ஈரம் பரவி, ஓரம் காய்ந்துபோயிருந்தது. அவன் முன்னால் அண்ணன் மூடிவைத்துவிட்டுப் போன தட்டு. மூடியை எடுத்தாள். இரண்டு ரொட்டித் துண்டு, ஓர் அவித்த முட்டை. ரொட்டி விறைத்துப்போயிருந்தது. ஒரு விள்ளல் குறையவில்லை.

"ஏன்டா சாப்பிடல?"

அவன் உதடு வெடித்திருந்தது. கை எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு நிறைய இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் மேசையில் ஒரு தட்டு தட்டினாள். "சாப்பிடு" என்று சொல்ல வாயெடுத்தாள், குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அது போதும் அவனுக்கு. முகம் மலர்ந்து, தானும் ஒரு தட்டு தட்டிவிட்டு, விறைத்த ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்து அவசர அவசரமாகத் தின்றான். அவன் அழுதிருந்தால், கோபப்பட்டிருந்தால், அவள் கொஞ்சம் தேறியிருப்பாள். அவன் சிரித்துக்கொண்டே தின்றதை அவளால் தாங்க முடியவில்லை. அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

பிறகு வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினாள். முதுகில் நாற்காலிச் சட்டத்தின் தடம் கோடுகோடாகப் பதிந்திருந்தது. காலையில் இருந்து அவன் அசையவே இல்லை. அமைதியாக இருக்கிறான், அமைதியாக இருக்கிறான் என்று இத்தனை மாதம் மூன்று பேரும் சொன்னது இதைத்தான்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. தேர்வில் கடைசியாக வந்தவன் வைத்த எடைகளோடு வட்டமேசை அப்படியே நின்றது. பெரிய கல், நடுக்கல், சின்னக் கல். ஆணி வெளியே கிடந்தது. வளையம் நடுவில் நின்றது. அவள் தட்டினாள். நகரவில்லை. பையன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். சும்மா ஒரு விரலால் ஒரு நூலைத் தொட்டாள். விண்ணென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்று பக்கமும் இத்தனை இழுப்பைத் தாங்கிக்கொண்டு, அந்தச் சின்ன வளையம் ஒன்றுமே நடக்காததுபோல நின்றுகொண்டிருந்தது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்குப் பூச்சியம். வளையத்துக்கு எங்கே பூச்சியம்?

தன் பக்கம் தொங்கிய கல்லை அவள் கையில் ஏந்தி மெல்லத் தூக்கினாள். நூல் தொய்ந்தது. வளையம் கிளம்பிற்று. எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும், எத்தனையோ வருஷமாகத் தெரியும். மற்ற இரண்டில் பெரியதன் பக்கமும் இல்லை, சின்னதன் பக்கமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, விட்டவளுக்கு நேர் எதிரே, இம்மி பிசகாமல் அவளை விட்டு விலகிப் போகும். அவள் எவ்வளவு பலமாக இழுத்துக்கொண்டிருந்தாளோ அவ்வளவு பலத்தோடு போகும். தெரிந்ததுதான். ஆனாலும் தொய்ந்த நூல் வளையத்தின் பின்னாலேயே இழுபட்டுப் போவதை, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மூவரும் அம்மா வீட்டில் கூடினார்கள். தங்கை அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். அண்ணன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "காப்பகம்னா இப்படி ஆகியிருக்காது" என்று அவர் தொடங்க, "என் வீட்டுல இருந்திருந்தா மட்டும் ஆகியிருக்குமா?" என்று தங்கை எழுந்துவிட்டாள். அடுத்து அக்காவின் முறை. இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் கேக்கல" என்றாள்.

"என்னக்கா?"

"எங்கிட்ட வரணும்னு இனி கேக்கல. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. என்ன சொன்னாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"நீயுமா கைவிட்டுட்ட?" என்றாள் தங்கை. "உனக்குத்தான் அவன் உசுருன்னு நெனச்சேன்."

விளக்கிச் சொன்னால் மறுபடியும் இழுத்துவிடுவோம் என்ற பயம் அக்காவுக்கு. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் பேச்சு கேட்டது. முதலில் சத்தம், பிறகு தணிந்த குரல்கள். எத்தனையோ மாதம் முடியாதது அன்று இருட்டுவதற்குள் முடிந்துபோயிற்று.

அண்ணன் பார்த்துவைத்த காப்பகம் இல்லை. தங்கையின் வீடும் இல்லை. இருவர் வீட்டுக்கும் நடுவில் ஓர் இடம், பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சின்ன இல்லம். அண்ணன் தினமும் கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம். தங்கை மத்தியானத்தில் நடந்தே போகலாம். நல்ல முடிவு, அக்காவுக்கே தெரிந்தது. அவள் வீட்டிலிருந்து மட்டும் பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் முடியும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பால்கனிக் கம்பியை ஒரு முறை பிடித்து ஆட்டிப் பார்த்தார். "பலமாத்தான் போட்டிருந்தேன்" என்றார். பிறகு சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

இல்லத்திலிருந்து ஒரு பெண் அவனைப் பார்த்துப் போக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மாத்திரை, சட்டை, தூங்கும் நேரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு அக்கா தயங்கினாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா. அவன் முன்னால தட்டை வச்சா மட்டும் போதாது. மேசைல இப்படி ஒரு தட்டு தட்டணும். தட்டிட்டு, சாப்பிடுன்னு சொல்லணும். மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேங்க."

"மறந்துட்டா கேக்க மாட்டான். அப்படியே உக்காந்திருப்பான்."

"எழுதி ஒட்டிடறேங்க" என்றாள் அந்தப் பெண். நல்ல பெண்தான். மேசையில் ஒருமுறை தட்டிக் காட்டினாள். தம்பி உடனே நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அக்காவுக்கு நிம்மதியும் அதுதான், வலியும் அதுதான்.

போகிற அன்று காலையில் அவளேதான் குளிப்பாட்டி, சவரம் செய்து, பொத்தான்களைப் போட்டுவிட்டாள். சாப்பிட வைத்தாள். அவன் புதுச் சட்டையைத் தடவிக்கொண்டே, "அம்மாகிட்டயா போறோம்?" என்று கேட்டான். "இல்லடா. பெரிய வீடு. தோட்டம் இருக்கு." "நீ வருவியா?" "வருவேன்." "இப்பவா?" அவள் மேல் பொத்தானைப் போட்டாள், அது சரியாகத்தான் இருந்தது, கழற்றி மறுபடியும் போட்டாள்.

அண்ணன் காரை எடுத்தார். தங்கை பின் இருக்கையில் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இடம் இருந்தது, "நீயும் ஏறு" என்று அண்ணன் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கூடப் போனால், வாசலில் வைத்து அவன் கையை விட முடியாமல் மறுபடியும் எல்லாவற்றையும் குலைத்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

கார் கிளம்பும்போது தம்பி கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து அவளையே பார்த்தான். அவள் முகத்தில் என்ன கண்டானோ. விரல் முட்டியை மடக்கினான். கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினான். சத்தம் வெளியே கேட்கவில்லை, வாயசைவுதான் தெரிந்தது.

சாப்பிடு என்றான்.

கார் தெருமுனையில் திரும்பியது. அவள் பாலத்துப் பக்கம் போகவில்லை, உள்ளே வந்தாள். சாப்பாட்டு மேசையில் அவன் மிச்சம் வைத்த ஒரு துண்டு ரொட்டி இருந்தது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அந்த ரொட்டியைச் சாப்பிட்டாள்.